`அந்த அண்ணாகிட்ட கேளுங்க!' - அவர் பேப்பர் போட்டுட்டா என்ன பண்றது?

புது கம்பெனியில் முதல் வாரம். எந்தச் சந்தேகம் கேட்டாலும், `அந்த அண்ணாகிட்ட கேளுங்க' என்கிறார்கள். சரி, அந்த அண்ணா பேப்பர் போட்டுட்டா? அவர் தலைக்குள் இருந்ததெல்லாம் அவரோடு போய்விடும். அதற்காகத்தான் டாக்குமென்டேஷன்.

எந்த டூல் பெஸ்ட் என்று தேடுவதற்கு முன், யாருக்காக எழுதுகிறோம் என்று யோசியுங்கள். `டயாடாக்சிஸ்' என்றொரு முறை, டாக்குமென்ட்களை நான்காகப் பிரிக்கிறது. புதியவருக்குக் கைபிடித்துச் சொல்லித்தரும் பாடம், ஒரு வேலையை முடிப்பதற்கான வழிமுறை, தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கும் தகவல்கள், `ஏன் இப்படி?' என்பதற்கான விளக்கம். நாலையும் ஒரே பக்கத்தில் கொட்டினால் யாருக்கும் உதவாது.

அடுத்து, எழுதப்போவது யார்? டெவலப்பர்கள்தான் என்றால், 2004-ல் அறிமுகமான மார்க்டவுனில் எழுதி, புரோகிராம் இருக்கும் அதே கிட்-டில் வைத்துவிடலாம். புரோகிராமை மாற்றும்போதே டாக்குமென்ட்டையும் திருத்தி, இரண்டையும் சேர்த்தே ரிவ்யூ செய்யலாம். எம்கேடாக்ஸ், டாக்குசாரஸ் போன்றவை அதை வெப்சைட்டாக்கித் தரும். சப்போர்ட், சேல்ஸ் டீமும் எழுதுவார்கள் என்றால், கிட் அவர்களுக்குத் தலைவலி. கான்ஃப்ளூயன்ஸ் மாதிரி விக்கி போதும். ஆனால், அங்கே பழைய பக்கங்கள் குப்பையாகச் சேரும். அதனால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரைப் போட்டுவிடுங்கள்.

எழுதியாச்சா? புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் அருகில் உட்காருங்கள். அவர் எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அங்கேதான் இன்னும் எழுத வேண்டியது பாக்கி!