சூடேற மறுக்கும் டீசல் எந்திரம்

மலாய் மொழியில் பாக்கார் ஆராங் என்றால் கரி எரித்தல் என்று பொருள். இப்பெயர் எவ்வாறு ஏற்பட்டதாயினும், சுங்கை பட்டாணி நகரத்தோடு இணைந்துவிட்ட இவ்விடத்தில் இன்று தொழிற்பேட்டை இயங்குகிறது. விடியுமுன் இங்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கேட்பது டீசல் எந்திரங்களின் உறுமலே ஆகும். பால் ஏற்றும் லோரி, ஆட்களை ஏற்றும் வேன், பழைய விலைக்கு வாங்கிய ஹைலக்ஸ் பிக்கப் ஆகியவை பெரட்டுக்களத்திலும் வீட்டு வாசலிலும் நின்றவாறே கால் மணி நேரம் இரைந்து கொண்டிருக்கும். "டீசல் வண்டி, சூடேறினால்தான் ஓடும்" என்பது பலருடைய நம்பிக்கை. இந்நம்பிக்கையில் பாதி உண்மை. மறு பாதி பணத்தைப் புகையாக்குவது.

டீசல் எந்திரத்தில் தீப்பொறி கக்கும் பிளக் கிடையாது. உருளைக்குள் இழுக்கப்படும் காற்றை, அதன் கொள்ளளவில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரையில் பிஸ்டன் அழுத்துகிறது. அவ்வாறு அழுத்தப்படும் காற்று 500 பாகைக்கு மேல் சூடாகி, அதனுள் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக் கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய முறை இதுவே. எந்திரத்தின் இரும்பு குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டை அது உறிஞ்சிக் கொள்ளும். இதனால்தான் காலையில் வெண்புகையும் தடதடவென்ற ஓசையும் எழுகின்றன.

அப்படியாயின் நிறுத்தி வைத்தே சூடேற்றினால் என்ன? இங்குதான் டீசலின் இயல்பை அறிந்து கொள்ள வேண்டும். பெட்ரோல் எந்திரம் சும்மா ஓடும்போது காற்றையும் குறைவாகவே இழுக்கிறது. டீசல் எந்திரமோ சும்மா ஓடும்போதும் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மிகக் குறைந்த எண்ணெயையே எரிக்கிறது. எரியும் எண்ணெய் குறைவு. உள்ளே வந்து போகும் குளிர்ந்த காற்றோ அதிகம். ஆதலால் நின்ற இடத்தில் இருபது நிமிடம் உறுமினாலும் சில வண்டிகளில் வெப்பமானியின் முள் நடுக்கோட்டை எட்டுவதில்லை. அதே வண்டியை மெதுவாக ஓட்டிச் சென்றால், பாக்கார் ஆராங்கிலிருந்து பீடோங் சேர்வதற்குள் முள் தன் இடத்திற்கு வந்துவிடும். கெடாவின் விடியற்காலை, பனி உறையும் நாடுகளின் விடியற்காலை அன்று. நம் எந்திரம் 23, 24 பாகையிலிருந்தே தன் நாளைத் தொடங்குகிறது.

ஆகவே எந்திரம் உயிர்பெற்ற பின் அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணெய் விளக்கு அணைந்ததைக் கண்டு, முதல் சில கிலோமீட்டர்களை மிதமான வேகத்தில் ஓட்டுவதே முறையாகும். காற்று பிரேக் பொருத்திய லோரிகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. காற்றழுத்தம் நிரம்பும் வரை அவை காத்திருந்தே ஆக வேண்டும். அது சூட்டுக்காக அன்று, உயிருக்காக.

2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டு, லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டாக இருந்த விலை 3.35 ரிங்கிட்டாயிற்று. ஒரு பிக்கப் எந்திரம் சும்மா ஓடும்போது மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும் எனக் கொண்டால், நாளும் கால் மணி வீதம் மாதம் 25 நாள்களில் மூன்றரை லிட்டர் அளவுக்கு வீணாகும். அன்றைய விலையில் அது சுமார் பன்னிரண்டு ரிங்கிட். பெருந்தொகை அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஓட்டிச் சென்ற பின்னும் சூடேறாத வண்டி இதனினும் அதிகம் தின்னும். அத்தகைய வண்டியில் ஐயத்திற்குரிய முதற்பொருள் தெர்மோஸ்டாட் ஆகும்.

எந்திரத்துக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் நீர்ப்பாதையைக் காவல் காக்கும் சிறு கதவே தெர்மோஸ்டாட். அதன் வயிற்றில் ஒரு பித்தளைக் குப்பியும், குப்பிக்குள் மெழுகும் உள்ளன. செர்ஜியஸ் வெர்னே என்பார் 1930-ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்த அமைப்பு இது. நீர் ஏறத்தாழ 82 பாகையை அடையும்போது மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ளக் கதவு திறக்கும். குளிர்ந்தால் சுருள்வில் அதனை மூடும். காலையில் கதவு மூடியிருப்பதால் நீர் எந்திரத்துக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடாகிறது.

துருவேறியோ, வில் தளர்ந்தோ, அழுக்குச் சிக்கியோ கதவு திறந்தே நின்றுவிட்டால் நீர் எப்போதும் ரேடியேட்டருக்கு ஓடும். எந்திரம் குளிர்ந்தே இருக்கும். எரியாத டீசல் உருளைச் சுவர்களில் உள்ள எண்ணெயைக் கழுவி, கீழே எண்ணெய்த் தொட்டியிலும் கலக்கும். பிஸ்டன் வளையங்கள் தேயும். மாறாக, குப்பியிலிருந்து மெழுகு கசிந்துவிட்டால் கதவு மூடியே கிடக்கும். அப்போது எந்திரம் கொதித்து, சிலிண்டர் தலை வளைந்துபோகவும் கூடும். முன்னது மெல்லக் கொல்லும் நோய், பின்னது ஒரே நாளில் வண்டியைச் சாய்ப்பது.

பழுதை அறிய முதலில் முள்ளைக் கவனியுங்கள். நகர விளக்குச் சந்தியில் நிற்கும்போது ஏறி, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் முள் இறங்குமாயின் கதவு திறந்தே நிற்கிறது என ஐயுறலாம். ஆயினும் புதிய வண்டிகளில் முள்ளை முழுதும் நம்புதற்கில்லை. சூடு சற்று ஏறினாலும் இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்குமாறு அமைத்துள்ளனர். அவற்றில் பட்டறையின் கணினிக் கருவி பி0128 என்னும் எண்ணைக் காட்டினால், நீர் உரிய சூட்டை எட்டவில்லை என்பது பொருள்.

அடுத்து ரேடியேட்டரின் மேல் குழாய். (இது ரப்பர்க் குழாய்தான், ஆனால் நாம் வெட்டும் பாலில் செய்தது அன்று. இத்தனைச் சூட்டை இயற்கை ரப்பர் நெடுநாள் தாங்காது என்பதால் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகின்றனர்.) குளிர்ந்த எந்திரத்தை இயக்கி, விசிறிக்கு எட்டாத இடத்தில் அக்குழாயைப் புறங்கையால் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட்டாயின் குழாய் பல நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரெனச் சுடும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சங் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் கதவு திறந்துள்ளது. முள் சிவப்புக் கோட்டை நெருங்கியும் குழாய் குளிர்ந்தே இருந்தால் கதவு மூடிக் கிடக்கிறது. அல்லது நீர் குறைந்துள்ளது. அல்லது தண்ணீர்ப் பம்பு இயங்கவில்லை. உடனே எந்திரத்தை நிறுத்துங்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ்க் குழாய்ப் பக்கம் இருக்கும். அவற்றில் இச்சோதனையைக் கீழ்க் குழாயில் செய்ய வேண்டும்.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். மூடியின் அழுத்தத்தால் உள்ளிருக்கும் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். முகமும் கண்ணும் வெந்து போவதற்கு ஒரு நொடி போதும். ஈரத்துணி போட்டுத் திருகினால் பயமில்லை என்பது தவறான எண்ணம். வெறுங்கையால் தொடும் அளவுக்கு எந்திரம் ஆறட்டும்.

ஐயம் தீராவிடில், ஆறிய எந்திரத்திலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சமையற்கட்டுக்குக் கொண்டு செல்லலாம். பழைய பானை ஒன்றில் நீர் ஊற்றி, அடியைத் தொடாதவாறு நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். அதன் விளிம்பில் பொறித்துள்ள எண்ணையொட்டிக் கதவு திறக்கத் தொடங்கி, நீர் கொதிப்பதற்குள் நன்கு திறந்துவிட வேண்டும். ஆறியதும் ஒளி புகாதபடி மூட வேண்டும். இவற்றுள் எது நடவாவிடினும் புதியது வாங்குவதே வழி. சிலிண்டர் தலையைச் செப்பனிடும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை அற்பம்.

"வெயில் நாட்டுக்கு இது எதற்கு?" என்று கூறி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் போர்மன்மார் இன்றும் உண்டு. இதனை ஏற்பதற்கில்லை. எந்திரத்துக்கு வேண்டிய சூடு ஊரின் வெயிலன்று, 80 பாகைக்கு மேற்பட்ட சூடாகும். அன்றியும், பல வண்டிகளில் தெர்மோஸ்டாட்டின் மறுமுனைத் தட்டு, சூடேறிய பின் குறுக்குப் பாதையை அடைக்கிறது. அதனை நீக்கினால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுற்றி, 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைச் சாலையில் ஏறும்போது வண்டி கொதிக்கவும் கூடும். குளிர்ச்சிக்காகச் செய்தது கொதிப்பில் முடிகிறது.

புதியதைப் பொருத்தும்போது, அதில் சிறு காற்றுத் துளை இருந்தால் அது மேற்பக்கம் அமைய வேண்டும். அடைப்பு வளையமும் புதியதாக இருக்க வேண்டும். கிணற்று நீரோ ஆற்று நீரோ உப்பும் துருவும் சேர்க்குமாதலால் தகுந்த கூலண்ட் கலவையையே ஊற்றுங்கள். நிரப்பிய பின் மூடியைத் திறந்து வைத்து எந்திரத்தைச் சிறிது ஓடவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று குமிழியாக வெளியேறும். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் நீர் மட்டத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் சற்று இறங்கியிருக்கும்.