எரிந்த குடிலும் புதைந்த முகங்களும்

1934-ஆம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவின் முபாஷே ஆற்றங்கரையில், 16 வயதுச் சிறுவன் ஒருவன் விலக்கப்பட்டிருந்த செயல் ஒன்றைச் செய்தான். எரிந்துகொண்டிருந்த குடிலைத் திரும்பிப் பார்த்தான். பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான நெல்சன் மண்டேலாவே அச்சிறுவன். இதனைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியுள்ளார்.

கோசா இன மக்களிடையே, விருத்தசேதனம் பெற்ற இளைஞர் ஊருக்கு வெளியே குடிலமைத்துத் தங்குவர். உடலெங்கும் வெண்களிமண் பூசிக்கொள்வர். ஆண்மகனுக்குரிய கடமைகளை மூத்தோர் போதிப்பர். நாள்கள் நிறைவுற்றதும் ஆற்றில் நீராடி, புதுப் போர்வை போர்த்துத் திரும்புவர். குடிலும் அதிலுள்ள பொருள்களும் தீக்கிரையாகும். அங்கே நடந்ததை வெளியாரிடம் பேசலாகாது. இதை அநாகரிகம் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. தொடக்கத் திருச்சபையும் தன் மறைபொருள்களைத் திருமுழுக்குப் பெறாதோரிடமிருந்து மறைத்தே காத்தது. புதிதாய் முழுக்குப் பெற்றோருக்கு வெண்ணாடை அணிவித்தது.

ஆனால் மறைவு ஆபத்தையும் மூடிவிடுகிறது. பயிற்சியற்றோர் கையால் அறுக்கப்பட்டு, காயம் சீழ்ப்பிடித்தும், தண்ணீர் மறுக்கப்பட்டும் இளைஞர் பலர் மாண்டுள்ளனர். சடங்குப் பள்ளிகள் பதிவு பெறவேண்டும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை வேண்டும் என 2021-இல் அந்நாடு சட்டம் இயற்றியது. தாய்மாருக்கு இது எத்துணை ஆறுதல்!

எல்லாம் எரிக்கப்படுமாயின், பழங்காலச் சடங்குகளுக்கு மண்ணில் என்ன தடயம் எஞ்சும்? கோசா நாட்டிற்கு வெகு வடக்கே, லைடன்பர்க் நகரருகே, 1950-களின் பிற்பகுதியில் பள்ளிச் சிறுவன் ஒருவன் சுடுமண் துண்டுகளைக் கண்டெடுத்தான். பின்னர் அவற்றைப் பொருத்திப் பார்த்தபோது ஏழு தலைகள் உருவாயின! ஏறத்தாழ 1500 ஆண்டுப் பழைமை உடையவை என மதிப்பிடப்பட்ட அவை, இன்று கேப் டவுன் ஈசிகோ அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் உள்ளன. சோழி போன்ற கண்கள். கழுத்தில் வளைய வரிகள். வெள்ளைப் பூச்சின் சுவடுகள். ஒன்றுக்கு மட்டும் விலங்கின் மூஞ்சி. இரண்டு, தலையில் கவிழ்த்து அணியுமளவு பெரியவை. சிறியவற்றின் அடிப்பகுதியில், எதிலோ கட்டிவைப்பதற்குப் போல, இருபுறமும் துளைகள்.

இளையோரைப் பெரியோர் நிலைக்கு உயர்த்தும் சடங்கில் இவை பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம். எழுத்துச் சான்று இல்லை. வேண்டுமென்றே குழியிலிட்டு மூடப்பட்டவை என்றும் அவர்கள் கருதுகின்றனர். சுட்ட மண் தீயில் அழியாதல்லவா? அதனால்தான் புதைத்தார்கள் போலும்.