பதிவு எங்கே பிரிகிறது?

மேடை ஒலி: 9

மிக்சரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரே ஒரு யூஎஸ்பி கேபிள். போன வாரம் அதை இணைத்து, டிரைவரையும் ஏற்றி முடித்தோம். அந்த ஒற்றைக் கேபிளுக்குள் லேப்டாப்பை நோக்கி 32 தடங்களும், லேப்டாப்பிலிருந்து மிக்சரை நோக்கி 32 தடங்களும் ஓடுகின்றன. எந்தத் தடத்தில் எதை ஏற்றுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். கேபிளைச் செருகியும் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ஒரு கோடுகூட அசையவில்லை என்று தவிப்பவர்கள் கேபிளைச் சந்தேகிக்கும் முன் ரூட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

நம் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் பரவலாக இருக்கும் பெஹ்ரிங்கர் எக்ஸ்32ஐயே எடுத்துக்கொள்வோம். 2012இல் வந்தது, இன்னும் உழைக்கிறது. அதில் ரூட்டிங் பட்டனை அழுத்தினால் பல பக்கங்கள் வரும். இப்போதைக்கு நமக்கு இரண்டு போதும். லேப்டாப்புக்கு என்ன போகிறது என்பதைக் ‘கார்டு அவுட்’ பக்கம் தீர்மானிக்கிறது. சேனல்களுக்குள் என்ன வருகிறது என்பதை ‘இன்புட்ஸ்’ பக்கம் தீர்மானிக்கிறது. இரண்டிலும் எட்டு எட்டாகத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

முக்கியமான முடிவு கார்டு அவுட்டில் இருக்கிறது. மைக்கில் பிடித்த ஒலி முதலில் ப்ரீஆம்ப்பில் கெயின் பெறுகிறது. உடனே டிஜிட்டலாக மாறுகிறது. அதற்கு அப்புறம்தான் சேனலுக்குள் நுழைந்து இ.க்யூ, கம்ப்ரெசர், ஃபேடர் எல்லாவற்றையும் கடக்கிறது. கார்டு அவுட்டில் ‘லோக்கல் 1-8’ என்று வைத்தால், டிஜிட்டலானதும் ஒரு பிரதி நேராக லேப்டாப்புக்குப் போய்விடும். சேனலில் நீங்கள் செய்யும் எதுவும் அதைத் தொடாது. ‘அவுட் 1-8’ என்று வைத்தால், ஹாலுக்காகக் கலந்து முடித்த ஒலி போகும்.

கச்சேரிப் பதிவுக்கு லோக்கல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறிய சபாவில் மிருதங்கம் மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரை கேட்கும். அதனால் அதன் ஃபேடரைக் கீழே இறக்கித்தான் வைத்திருப்போம். ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரியான அளவு. அதே கலவையைப் பதிவுசெய்து வீட்டில் போட்டால், பாட்டு முன்னால் நிற்க, மிருதங்கம் அடுத்த அறையில் வாசிப்பதுபோல் கேட்கும். தனி ஆவர்த்தனம் முழுக்க அப்படிப் பதிவாகிவிட்டால் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. வலந்தலையும் தொப்பியும் தனித்தனித் தடத்தில் இருந்தால் மறுநாள் நிதானமாக உட்கார்ந்து கலக்கலாம். இடமும் அதிகம் கேட்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு தடம் ஒரு மணி நேரத்துக்கு 520 எம்.பி.க்குச் சற்றுக் குறைவு. 12 தடம், இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் 16 ஜி.பி.க்குள் முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் பதிவிலும் போய் ஒட்டிக்கொள்ளும்: கெயின். அது பிரிவதற்கு முன்பே நடந்துவிடுகிறதே! ஆலாபனையில் கெயினை வைத்துவிட்டு, கல்பனாஸ்வரத்தில் குரல் ஏறும்போது குறைத்தால், அந்தப் பள்ளம் கோப்பில் அப்படியே இருக்கும். ஆகவே சவுண்ட் செக்கிலேயே உச்சத்தில் பாடச் சொல்லி, அப்போதும் மீட்டரில் தாராளமாக இடம் மிஞ்சும்படி கெயினை நிறுத்துங்கள். 24 பிட்டில் லெவல் குறைவாக இருப்பதால் நஷ்டமில்லை. கச்சேரி தொடங்கியபின் கை ஃபேடரை விட்டு நகரக் கூடாது.

மிக்சரில் சாம்பிள் ரேட் 48 என்றால் ரீப்பரிலும் 48 இருக்கட்டும். 48இல் வந்த ஒலியை 44.1 என்று நினைத்து ஓட்டினால், ஐந்து கட்டையில் பாடியவர் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் கேட்பார். காலப்பிரமாணமும் தளர்ந்துவிடும்.

இனி திரும்பி வரும் பாதை. இதன் அருமையை உணர்ந்தவர்கள் இன்னும் குறைவு என்பது என் வருத்தம். இன்புட்ஸ் பக்கத்தில் ‘லோக்கல் 1-8’ இருந்த இடத்தில் ‘கார்டு 1-8’ என்று மாற்றினால், பதிவான ஒலி மைக் வந்த அதே சேனல்களுக்குள் வரும். புதிய ஃபர்ம்வேரில் ரெக்கார்டு, ப்ளே என்று இரண்டு அமைப்புகளை நிரப்பி வைத்துக்கொண்டு ஒரே தொடுதலில் மாற்றலாம். வித்வான்களை ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிந்துவிட்டு அனுப்பிவிடலாம்; மீதிச் சவுண்ட் செக்கை அந்தப் பதிவை ஓட்டியே முடிக்கலாம். ஒலிப்பதிவாளர் இ.க்யூவோடு போராடுவதற்காக ஒரு மிருதங்க வித்வான் முக்கால் மணி நேரம் ஒரே சொல்லைத் தட்டிக்கொண்டிருப்பது அவர் கைக்கும் நேரத்துக்கும் செய்கிற அநியாயம். ஆனால் ஃபீட்பேக் எங்கே கிளம்பும் என்பதை இந்த முறை காட்டாது, ஏனென்றால் அப்போது மைக்குகள் பாதையிலேயே இல்லை. அதற்குத் திறந்த மைக்கோடு தனியாகச் சோதிக்க வேண்டும்.

பதிவைச் சேனல்களுக்குத் திருப்பி அனுப்ப ரீப்பரிலும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு தடத்திலும் ‘மாஸ்டர் செண்ட்’ டிக்கை எடுத்துவிட்டு, முதல் தடத்துக்கு ஹார்டுவேர் அவுட்புட் 1, இரண்டாவதற்கு 2 என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். டிக்கை எடுக்காவிட்டால் கச்சேரி முழுவதும் கலந்து முதல் இரண்டு சேனல்களுக்கும் வந்துவிடும். ஒருமுறை செய்து டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டால் பிறகு தொல்லையில்லை. விண்டோஸின் பொதுவான ஒலி வெளியீடாக எக்ஸ்32ஐ வைக்கவே வேண்டாம். வைத்தால், ப்ளேயில் இருக்கும்போது வாட்ஸ்அப் மணியும் ஹாலுக்குப் போகும். கார்டு அவுட்டில் ஹால் கலவையை வைத்து, ரீப்பரில் மானிட்டரிங்கையும் திறந்து, அதையே சேனலுக்குத் திருப்பினால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஸ்பீக்கர் அலறும். லோக்கலிலிருந்து பிரித்தால் இந்த வளையம் உருவாக வழியில்லை.

சோதனை முடிந்ததும் இன்புட்ஸை ரெக்கார்டுக்குத் திருப்புங்கள். ப்ளேயிலேயே விட்டுவிட்டால், பாடகர் வாய் திறக்கும்போது மைக்குகள் எல்லாம் ஊமை. திரை விலகுவதற்கு முன் யாரையாவது மேடைக்கு அனுப்பி ஒவ்வொரு மைக்கிலும் பேசச் சொல்லி, ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு ரெக்கார்டு பட்டனை அழுத்துங்கள்.

(அடுத்த வாரம்: மேடையிலிருந்து மிக்சர் வரை ஒரே கேபிளில் 16 மைக்)