“அக்கா, பொழைச்சுக்குவாரா?”

நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அரியமங்கலத்தில் யாருக்கு மாரடைப்பு வந்தாலும் என்னிடம் கேட்பது இதைத்தான்.

மருத்துவர்கள் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கிரியேட்டினின், ட்ரோபோனின், இ.சி.ஜி. மாற்றம், நுரையீரலில் நீர்க்கோப்பு, வரும்போதே இதயம் நின்றதா என்ற எட்டையும் கூட்டிப் போடும் மதிப்பெண்ணுக்கு ‘கிரேஸ்’ என்று பெயர்.

1967இல் கில்லிப், கிம்பல் என்ற மருத்துவர்கள் மாரடைப்பு வந்த 250 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இதயம் தளராதவர்களில் 6 சதவீதம் பேர் இறந்தனர். ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களிலோ 81 சதவீதம். அடைப்பை நீக்கும் சிகிச்சை வந்தபின் நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது.

வயதை மாற்ற முடியாது, தாமதத்தைக் குறைக்கலாம். வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் தருகிறார்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.