எலுமிச்சை தட்டுப்படும் கோடையில் வாசனைக்கு என்ன வழி?

2022 ஏப்ரலில் எலுமிச்சை விலை நாடெங்கும் எகிறியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வெயிலில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கடையில் லெமன் ஜூஸ் கேட்டேன். புளிப்பு இருந்தது, மஞ்சள் நிறமும் இருந்தது. வாசனை மட்டும் இல்லை. சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். பழ வரத்து மிகும் மாதங்களில் இதே போன்ற கடைகளில் பிழிந்த தோல் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகும். உண்மையில் வாசனை இருப்பது அந்தத் தோலில்தான்.

எலுமிச்சைச் சுவை என்பது இரண்டு சரக்கு. புளிப்பு சாற்றில் இருக்கிறது. மணம் தோலின் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. புளிப்புக்கு மாங்காய், நெல்லி, புளி என்று மாற்று நிறைய உண்டு. முன்பு சிட்ரிக் அமிலத்துக்கு உலகம் இத்தாலி எலுமிச்சையைத்தான் நம்பியிருந்தது. சர்க்கரைக் கரைசலில் ஒரு கருப்புப் பூஞ்சையை வளர்த்து அதை எடுக்கலாம் என்று 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க வேதியியலர் காட்டினார். இன்று கடைகளில் கிடைக்கும் தூள் அந்த வழியில் வந்ததே.

மணத்துக்கு அப்படி எளிதான மாற்று இல்லை. அதற்கு முக்கியமானது சிட்ரால் என்ற பொருள். எலுமிச்சைத் தோல் எண்ணெயில் அது சில சதவீதமே இருக்கும். எலுமிச்சைப்புல் தைலத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை இருக்கும். கேரளத்தில் புல்தைலம் என்பார்கள். எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சுகந்தி ரகம் இதற்குப் பெயர் பெற்றது. நம் வீடுகளில் வேப்பிலைக்கட்டிக்கு நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் இடிப்பதும் இந்த மணத்துக்காகத்தான். பெயரில் வேம்பு இருந்தாலும் அதில் வேம்பு கிடையாது!

வீட்டில் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நறுக்கிய புல் இலை நான்கைந்து போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அடுப்பிலேயே வெகுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். வடிகட்டி ஆறியதும் நெல்லிச்சாறு, சர்க்கரை, சிட்டிகை உப்பு சேருங்கள். புல் மணம் மட்டும் தனித்து நின்றால் சோப்பு வாடை போலத் தோன்றும். ஒரே ஒரு பழத்தின் தோலைச் சீவிச் சர்க்கரையோடு பிசைந்து இரண்டு மணி நேரம் வைத்துக் கலந்தால் அது சரியாகிவிடும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வேண்டாம், கசக்கும். அறுவடையை ஒட்டி மருந்து தெளித்த பழமானால் தோலைத் தொடாதீர்கள்.

இதைக் கேட்டுவிட்டு ஏக்கர் கணக்கில் புல் நடக் கிளம்ப வேண்டாம். 100 கிலோ பச்சைப் புல்லுக்கு அரை கிலோ தைலம் கிடைத்தாலே பெரிது. பக்கத்தில் காய்ச்சும் கொப்பரை இல்லாவிட்டால் வண்டி வாடகையிலேயே லாபம் போய்விடும். வரப்பிலும் சரிவிலும் இரண்டடி இடைவெளியில் தூர்களைப் பிரித்து நட்டாலே போதும். மண் அரிப்பும் குறையும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. நான்கைந்து மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். தரையிலிருந்து நான்கு விரல்கடைக்கு மேல் விட்டு அறுங்கள். பச்சைக் கட்டாக டீக்கடைக்கும் ஜூஸ் கடைக்கும் கொடுத்துப் பார்த்து, கோடையில் எத்தனை கட்டு போகிறது என்று தெரிந்த பிறகு பரப்பைக் கூட்டலாம்.