டெனிஸ் முழங்கை: ஒரு நோய்ப்பெயரின் சமூகப் பின்னணி

நோய்களுக்கு இடப்படும் பெயர்களும் சமூக வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. முழங்கையின் வெளிப்புறத்தே தோன்றி முன்கை வழியே பரவும் நோவினை மருத்துவ உலகம் இன்றும் ‘டெனிஸ் முழங்கை’ என்றே வழங்குகின்றது. ஆயின், இந்நோவுடன் வைத்தியரிடஞ் செல்வோருட் பெரும்பாலோர் டெனிஸ் ஆடாதவர்கள். இம்முரண்பாட்டின் பொருளை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் உடலியல் அடிப்படையை நோக்குவோம். மணிக்கட்டையும் விரல்களையும் பின்புறமாக நிமிர்த்தும் தசைகள் பல, மேற்கை என்பின் கீழ்முனையில் வெளிப்புறமாகப் புடைத்துள்ள இடத்தில், பொதுவானதொரு தசைநாணால் இணைக்கப்பட்டுள்ளன. நாம் ஒரு பொருளை இறுகப் பற்றுந்தோறும் மணிக்கட்டு மடங்காது நிலைநிறுத்துவன இத்தசைகளே. எனவேதான் விரல்கள் செய்யும் வேலையின் நோவு முழங்கையில் வெளிப்படுகின்றது. பற்றுதலும் முறுக்குதலும் ஓய்வின்றித் தொடரும்போது தசைநாணில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவை ஆறுமுன்னரே மீண்டும் இழுவிசை தாக்குவதால் நாரிழைகளின் ஒழுங்கு குலைகின்றது. நாட்பட்ட நோவில் அழற்சியைவிட இச்சிதைவே முதன்மையானது என்பது இன்றைய கருத்தாகும்.

அசைவு திரும்பத் திரும்ப நிகழ்வது மாத்திரமே காரணமெனக் கொள்வதும் பொருந்தாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவகம் 1997இல் வெளியிட்ட மீளாய்வு, கடும் விசையும் மீள்செயலும் இசைவற்ற கைநிலையும் ஒன்றுசேரும்போதே சான்று வலுவாக உள்ளது எனக் கண்டது. இம்மூன்றும் ஒன்றுசேரும் இடம் பெரும்பாலும் வேலைத்தலமே.

உழைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பினை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இலேயே ஒரு தனிநூலாக ஆராய்ந்தார். 1713இல் அதனை விரிவாக்கியபோது, ஒரே திசையில் ஓயாது கையை இயக்கும் எழுத்தர்களின் துன்பத்தையும் சேர்த்துக்கொண்டார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் யாதெனக் கேட்டல் வேண்டுமென வற்புறுத்தியவரும் அவரே. 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தின் முதலாம் பாகத்தில், வேலைப்பிரிவினை உடலைச் சிதைப்பது பற்றிக் கூறுமிடத்து மார்க்ஸ் இவரைச் சுட்டுவது தற்செயலன்று.

நாம் எடுத்துக்கொண்ட முழங்கை நோவை 1873இல் ஜெர்மானிய மருத்துவர் ருங்க விவரித்ததும் எழுதுவோரின் கை இசிவு பற்றிய கட்டுரையிலேயாகும். ஆயினும் 1883இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளிவந்த ‘புற்றரை டெனிஸ் முழங்கை’ என்ற பெயரே நிலைத்தது. அன்று அவ்விளையாட்டு, ஓய்வும் புற்றரையும் வாய்க்கப்பெற்ற வர்க்கத்தினருக்கே உரியதாயிருந்தது. எழுதுகோல் பிடித்த கையில் இனங்காணப்பட்ட நோய், மட்டை பிடித்த கையின் பெயரைப் பெற்றது.

பெயர் எதுவாயினும் நோவு ஒன்றுதானே எனலாம். ஆனால் பரிகாரம் பற்றிப் பேசும்போது வேறுபாடு தெளிவாகின்றது. பெரும்பாலானோருக்கு இந்நோவு ஓராண்டிற்குள் தணிந்துவிடுகின்றது. ஸ்டீரொய்ட் ஊசி விரைந்து ஆறுதலளிப்பினும், நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின் ஊசி பெற்றோரில் 69 வீதத்தினரும், ஊசியின்றிப் பொறுத்திருந்தோரில் 83 வீதத்தினரும், இயன்மருத்துவச் சிகிச்சை பெற்றோரில் 91 வீதத்தினரும் குணமடைந்திருந்தனர். ஆகவே, நோவூட்டும் வேலையைக் குறைத்தலும், தசையைப் படிப்படியாக வலுப்படுத்தலுமே தக்க வழி.

விளையாடுபவர் மட்டையைச் சில மாதம் கீழே வைக்கலாம். மலையகத்திற் கவ்வாத்து வெட்டுபவர் கத்தியைக் கீழே வைத்தல் எங்ஙனம்? கத்தியை இறுகப் பற்றி, மணிக்கட்டை வீசி, செடிக்குச் செடி அதே வெட்டைத் தொடரும் அவ்வேலையில் மேற்கூறிய மூன்று கூறுகளும் உள்ளன. நாட்கணக்கு நிறைவேறாவிடின் ‘அரைப்பெயர்’தான் விழும். வைத்தியர் எழுதிக்கொடுக்கும் ஓய்வு அவருக்குச் சம்பள இழப்பாகவே வந்து சேர்கின்றது. ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே மலைக்குச் செல்வது அறியாமையன்று, நிர்ப்பந்தம்.

கை உழைப்பின் கருவி மாத்திரமன்று, உழைப்பின் விளைபொருளுமாகும் என எங்கெல்ஸ் விளக்கினார். அக்கை நோவதும் உழைப்பின் ஒழுங்கமைப்பினாலேயே. எனவே, வேலையளவு, இடைவேளை, கருவியின் பிடி, சம்பளத்துடன் கூடிய ஓய்வு ஆகியனவும் இந்நோய்க்கான சிகிச்சையின் பகுதிகளாகக் கொள்ளப்படல் வேண்டும். ரமாசினியின் கேள்வியை நமது வைத்தியர்கள் கேட்கத் தொடங்குவதே அதற்கான முதற்படியாகும்.