கொண்டெய்னரில் ஒரு கடைத்தெரு

கப்பலில் தேயிலை போகும் இரும்புக் கொண்டெய்னரை நாம் அறிவோம். அதிலே கடைத்தெருவும் கட்டலாம்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் 2011 பெப்ரவரி 22இல் பூமியதிர்ச்சி வந்து 185 பேர் மாண்டார்கள். நகரின் நடுப்பகுதி இடிந்துபோச்சு. அதே ஒக்டோபரில் அங்கே கொண்டெய்னர்களை அடுக்கி, வர்ணம் பூசிக் கடைகளைத் திறந்தார்கள். சம்னர் பகுதியில் மலைக்கல் பாதையில் உருளாமல் தடுக்கவும் கொண்டெய்னர்களையே மதிலாக வைத்தார்கள்.

அடுக்கும்போது பாரத்தை நாலு மூலைத் தூண்களே தாங்கும். ஜன்னலுக்காகப் பக்கத்தகட்டை வெட்டினால் பலம் குறையும். இரும்புச் சட்டம் போடணும். வெயிலில் சூடேறும், குளிரில் உள்சுவர் வேர்க்கும்.

2018இல் அந்தக் கடைத்தெருவை மூடினார்கள். தற்காலிகம் என்றால் அதற்கு முடிவு இருக்கணும். மண்சரிவுக்குப் பின் நமக்குத் தற்காலிக இடம் தந்தால், "எதுவரைக்கும்?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.